கூரைக்கு வந்த சோலார், வகுப்பறைக்கு எப்போது வரும்?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் மோதியதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அன்று மாலை முழுவதும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் குரங்குப் பகிடிதான். அதன் பிறகு நுரைச்சோலை இயந்திரங்கள் மூன்றும் நின்றுபோனதால் அடுத்து வந்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டும் வந்தது.

பகிடி ஓய்ந்த பின்னர் மின்சார சபை இன்னொரு விளக்கத்தையும் தந்தது. ஞாயிறு பகலில் மின்சாரக் கேள்வி குறைவு. வெயில் நல்ல வெயில். கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். ஆகவே ஒரு சிறு அதிர்ச்சியைக் கூடத் தாங்கும் நிலையில் முழு வலையமைப்பும் இருக்கவில்லை என்பதே அந்த விளக்கம். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, 13ஆம் திகதி முதல் 21ஆம் திகதி வரை பகல் வேளையில் கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்குமாறு அதே சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

எனது எட்டாம் தர வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டார்: "டீச்சர், வெயில் கூடின நேரம் கரண்டும் கூடத்தானே வேணும்? பிறகு ஏன் ஓஃப் பண்ணச் சொல்றாங்க?"

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. சூரிய சக்தி, காற்றுச் சக்தி, உயிர்வாயு, நீர்மின் என்று புதுப்பிக்கத்தக்க சக்தி வளங்களைப் பட்டியலிட்டு, அனுகூலம் மூன்று, பிரதிகூலம் இரண்டு எழுதுவதுடன் எமது பாடம் முடிந்துவிடும். பரீட்சைக்கு அது போதும். அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் போதாது. அந்தக் கேள்வியைப் பற்றியும், அது எமது சமூகத்துக்கு ஏன் முக்கியம் என்பதைப் பற்றியுமே இங்கு எழுதுகிறேன்.

ஒரு சைக்கிளும் ஒரு மோட்டரும்

அன்று நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு பொருட்கள் கொண்டு வருமாறு சொன்னேன். ஒன்று பழைய சைக்கிள். மற்றது உடைந்த விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டர்.

மோட்டரின் இரு கம்பிகளிலும் எதையும் இணைக்காமல் அதன் அச்சைக் கையால் வேகமாகச் சுற்றச் சொன்னேன். இலகுவாகச் சுற்றியது. பிறகு இரண்டு கம்பிகளையும் ஒரு சிறு குமிழுடன் இணைத்துச் சுற்றச் சொன்னேன். குமிழ் மங்கலாக எரிந்தது. ஆனால் அச்சு கனத்துவிட்டது. "டீச்சர், யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றார் ஒரு மாணவி. அந்த இழுவைதான் மின்சாரக் கேள்வி. நாங்கள் வீட்டில் ஒரு சுவிட்சைப் போட்டால், எங்கோ ஓர் இயந்திரத்தின் அச்சு அந்தளவுக்குக் கனக்கிறது. கேட்கும் அளவும் கொடுக்கும் அளவும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும் என்ற பாடத்தைப் பிள்ளைகள் விரலால் படித்தார்கள்.

அடுத்தது சைக்கிள். தலைகீழாக நிறுத்தி, பின்சில்லை வேகமாகச் சுற்றிவிட்டு, ஒரு துணியால் மெதுவாகத் தொட்டால் சில்லு கொஞ்சம் தளர்ந்து தொடர்ந்து ஓடுகிறது. அதேபோல ஒரு மட்டை வட்டத்தைச் சுற்றிவிட்டுத் தொட்டால் உடனே நின்றுவிடுகிறது. நுரைச்சோலையிலும் நீர்மின் நிலையங்களிலும் சுழல்பவை பல தொன் பாரமுள்ள இயந்திரங்கள். எங்காவது ஓர் இடறல் வந்தால் அவற்றின் பாரமே சில விநாடிகள் வலையமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். சூரியப் படலில் சுழலும் பொருள் எதுவும் இல்லை. ஆகவே ஒரு ஞாயிறு பகலில் சுழலும் இயந்திரங்கள் குறைந்து, படல்களின் பங்கு கூடியிருக்கும்போது, வலையமைப்பு அந்த மட்டை வட்டத்தைப் போல ஆகிவிடுகிறது.

கேள்வி கேட்ட பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப சோலார்ல பிழை இல்லை டீச்சர். சேர்த்து வைக்க இடம் இல்லாததுதான் பிழை." மின்கலச் சேமிப்பைப் பற்றி இன்று நாட்டில் நடக்கும் விவாதத்தின் சாரமும் இதுதான்.

எங்கள் வாசலில் நடக்கும் பாடம்

புத்தளம் மாவட்டத்தில் வாழும் எமக்கு இந்தப் பாடம் தூரத்தில் இல்லை. கற்பிட்டிப் பாதையில் போகும் எவருக்கும் ஒரு பக்கம் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள். மொத்தம் 900 மெகாவாட். அதே பாதையில் மாம்புரியின் காற்றாலைகள். களப்புக் கரையில் சேகுவந்தீவு, விடத்தமுனைக் காற்றாலைகள். வடக்கே மன்னாரில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 கோபுரங்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் எமது வகுப்புகளில் இருக்கிறார்கள். மன்னாரில் காற்றாலைக்கு எதிராக 2025இல் நடந்த போராட்டங்கள் அவர்களுக்கு வாப்பாவின் ஊர்ச் செய்தி.

இந்த நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு எங்கள் வாசலில்தான் பிறக்கிறது. நிலக்கரித் தூசு பற்றியும் சாம்பல் பற்றியும் விவசாயிகளும் மீனவர்களும் வருடக் கணக்காக முறையிடுகிறார்கள். ஆனால் அந்த நிலையங்களுக்குள் பொறியியலாளராக, தொழில்நுட்பவியலாளராக, சூழல் அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கக் கூடியவராக எமது பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கிறது. காற்றாடி சுற்றுவதை வேடிக்கை பார்ப்பவர்களாகவே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

சூரிய சக்தியும் எமக்குப் புதிதல்ல. புத்தளத்தின் உப்பளங்கள் முழுக்க முழுக்க வெயிலிலும் காற்றிலும் இயங்கும் தொழிற்சாலைகள். கருவாடு காய்வதும் அப்படியே. சென்ற தவணையில் பிள்ளைகள் ஒரு கறுப்புத் தட்டிலும் ஒரு வெள்ளைத் தட்டிலும் ஒரே அளவு கடல்நீர் ஊற்றி வெயிலில் வைத்தார்கள். கறுப்புத் தட்டு முதலில் வற்றியது. மூன்றாவது தட்டொன்றை மூட மறந்துவிட்டார்கள். இரவு மழையில் அது நிரம்பி வழிந்தது. "உப்பு எல்லாம் போய்ட்டு" என்று கவலைப்பட்டார்கள். 2025இல் கடைகளில் உப்பு இல்லாமல் போனதும், இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டி வந்ததும் ஏன் என்று அப்போதுதான் பேச முடிந்தது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மறந்துபோன அந்தத் தட்டு, பருவம் தப்பிய மழை ஓர் உப்பளத்தை என்ன செய்யும் என்பதை எனது விரிவுரையை விட நன்றாகச் சொன்னது.

நான் செய்த தவறு

"செயற்றிட்டம்" என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் பெருமூச்சு விடுவது எனக்குத் தெரியும். ரெஜிபோம் அட்டை வாங்க வேண்டும், கடையில் செய்து கொடுக்கச் சொல்ல வேண்டும், ஒரு நாள் கண்காட்சி, அதிதி வருவார், போட்டோ எடுப்பார்கள், அடுத்த நாள் எல்லாம் குப்பைக்குப் போகும். 2007 பாடத்திட்ட மறுசீரமைப்பிலிருந்தே ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளைப் பற்றி நாம் பேசி வருகிறோம். ஆசிரியர் கலாசாலையில் நானும் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி பெற்றவள்தான். ஆனால் அங்கு படித்த காலத்தில் ஒரு மின்சுற்றைக் கூட என் கையால் இணைத்ததாக ஞாபகமில்லை.

அதன் விளைவை நான் ஒரு கண்காட்சியில் கண்டேன். சில வருடங்களுக்கு முன்னர் சூரிய சக்தி பற்றிய மாதிரிகளுக்கு நான் நடுவராக இருந்தேன். ஒரு மாணவனின் மாதிரி மிக அழகு. வீடு, தோட்டம், கூரையில் சோலார், தெரு விளக்கு எல்லாம் எரிந்தன. பக்கத்தில் ஒரு மாணவி பழைய கல்குலேட்டர்களிலிருந்து கழற்றிய சூரியக் கலங்களை வரிசையாக இணைத்து, ஒரு சிவப்பு எல்.ஈ.டியை எரிய வைக்க முயன்றுகொண்டிருந்தார். மண்டபத்துக்குள் வெயில் இல்லை. எரியவில்லை. முதலிடத்தை அழகான வீட்டுக்குக் கொடுத்தேன். அந்த வீட்டின் விளக்குகள் அடியில் மறைத்து வைத்த பெட்டரியில் எரிந்தன என்பதும், முழு மாதிரியும் காசு கொடுத்துச் செய்வித்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அந்த மாணவியை வெளியே முற்றத்துக்கு அழைத்துப்போய்ப் பார்த்திருந்தால் அது எரிந்திருக்கும். இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. சாதாரண தரத்தின் பின்னர் கலைப் பிரிவைத் தெரிவு செய்தார். கலைப் பிரிவில் குறையேதும் இல்லை. ஆனால் அந்தத் தெரிவில் என் தீர்ப்புக்கும் பங்கிருக்குமோ என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. எரியாத விளக்குக்கும் புள்ளி உண்டு. ஏன் எரியவில்லை என்று பிள்ளை சொல்ல வேண்டும். எரிந்த விளக்குக்குப் புள்ளி வேண்டுமென்றால், என் முன்னால் கழற்றி மீண்டும் இணைத்துக் காட்ட வேண்டும். கண்காட்சிப் பொருள் வீட்டுக்குப் போகாது. வகுப்பிலேயே செய்ய வேண்டும். வன்பொருள் கடை நானாவுக்கு வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, பிள்ளைகளின் கேள்விகள் கூடின.

பள்ளிவாசல் கூரையும் ஒரு ஆய்வுகூடம்

2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பு வந்திருந்தபோது, நாட்டின் 25 மாவட்டங்களிலும் 5000 மத வழிபாட்டுத் தலங்களின் கூரைகளில் மொத்தம் 25 மெகாவாட் சோலார் பொருத்தும் திட்டம் ஆரம்பித்து வைக்கப்பட்டது. பள்ளிவாசல்களும் அதில் அடங்கும். இதை நான் கணிதப் பாடமாகக் கொடுத்தேன். ஒரு தலத்துக்குச் சராசரியாக எவ்வளவு? 5 கிலோவாட். ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு தந்தால் மாதம் எவ்வளவு? சுமார் 600 அலகு. நுரைச்சோலையின் 900 மெகாவாட்டுக்கு ஈடாக இப்படி எத்தனை கூரை வேண்டும்? 180,000. "அத்தனை பள்ளிவாசல் இல்லையே டீச்சர்!" என்று வகுப்பே சிரித்தது. இரவில் அத்தனை கூரையும் சேர்ந்து பூச்சியம்தான் தரும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். 2030இல் 70 வீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவோம் என்ற அரசாங்கத்தின் இலக்கு எவ்வளவு பெரியது என்பது இந்தக் கணக்கைச் செய்த பிள்ளைக்குப் புரியும். அதைப் பாராட்டவும் கேள்வி கேட்கவும் அவரால் முடியும்.

பள்ளிவாசலில் பெனல் வந்த பிறகு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பாடசாலைக்கு நன்கொடையாக வந்த சோலார் விளக்கு இரண்டு வருடத்தில் அணைந்து, நான்கு வருடம் துருப்பிடித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். "சோலார் சரியில்ல" என்பதே எல்லோருடைய தீர்ப்பும். பல்மானியுடன் பிள்ளைகளை அனுப்பினேன். வெயிலில் பெனல் 20 வோல்ற் காட்டியது, அதில் குறையில்லை. செத்துப்போனது பெட்டரி. உப்புக் காற்றில் முனைகள் பூத்துப் போயிருந்தன. பழைய மாணவர் ஒருவர் தந்த பெட்டரியை மாற்றியதும் விளக்கு எரிந்தது. ஒரு பல்மானியின் விலை 2000 ரூபாவுக்குள்தான். நான்கு வருடம் அந்த முற்றம் இருட்டாக இருந்தது, அதைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லாததால்.

எமது நிர்வாக சபைகள் ஒரு காரியம் செய்யலாம். பெனல் பொருத்தும் நாளில் பாடசாலை மாணவர்கள் பத்துப் பேரை அழைத்துக் கீழே நின்று பார்க்க விடுங்கள். பொருத்த வருபவரிடம் அவர்கள் கேள்வி கேட்கட்டும். மாதாந்த உற்பத்தியை ஒரு பலகையில் எழுதும் பொறுப்பை அவர்களுக்குக் கொடுங்கள். எந்த மாதம் குறைந்தது, ஏன் குறைந்தது, தென்னோலை நிழல் விழுகிறதா, தூசு படிந்திருக்கிறதா என்று அவர்கள் கண்டுபிடிப்பார்கள். கூரையில் ஏறுவதும் வயரைத் தொடுவதும் மட்டும் பெரியவர்களுடைய வேலையாக இருக்கட்டும்.

சூரியனின் கோணத்தை அளப்பது எமது மரபுக்கு அந்நியமானதல்ல. லுஹரையும் அஸரையும் நிழலைக் கொண்டு கணித்த சமூகம் நாம். டமஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் நேரக்கணிப்பாளராக இருந்த இப்னு அஷ்ஷாதிர் 14ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தை அமைத்தார். எமது முற்றத்தில் ஒரு தடியை நட்டு, மணிக்கொரு முறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்தாலே போதும். ஏப்ரல் முற்பகுதியில் நண்பகல் நிழல் தடியின் காலடிக்குள் மறைந்துவிடுவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். பெனலை எந்தத் திசையில், எந்தச் சரிவில் வைப்பது என்ற பாடமும் அஸர் எப்போது நுழைகிறது என்ற பாடமும் ஒரே தடியில் கிடைக்கின்றன. மீலாத் மேடைகளில் முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்களை அடுக்குகிறோம். அந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு தடியையாவது கொடுக்கிறோமா?

பெற்றோரின் கேள்வி

"டீச்சர், இதுக்கு எத்தனை மார்க்ஸ்?" என்று ஒரு உம்மா கேட்டார். நியாயமான கேள்வி. டியூஷனுக்கும் புலமைப்பரிசிலுக்கும் இடையில் நசுங்கும் பெற்றோருக்கு வேறு எந்தக் கேள்வி வரும்? நான் அவரிடம் வீட்டு மின்பட்டியலைக் கேட்டேன். மகள் மின்மானியை ஒரு வாரம் வாசித்து, வீட்டில் 60 வாட் பழைய குமிழ் ஒன்று தினமும் ஐந்து மணித்தியாலம் எரிவதைக் கண்டுபிடித்திருந்தார். மாதம் 9 அலகு. அதை 9 வாட் எல்.ஈ.டியாக மாற்றினால் 1.35 அலகு. உம்மா அடுத்த நாளே குமிழை மாற்றிவிட்டார். வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது என்று எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். மின்மானியை வாசிக்கத் தெரிந்த பிள்ளை அதை எண்ணிக்கையில் காட்டினார்.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. கைவேலைப் பாடத்துக்கு நேரம் அதிகம் போகிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சத்தம் எழும். பாடத்திட்டம் பின்தங்கும், அதிபருக்கும் வலயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. தவணைக்கு ஒன்று போதும். ஆனால் அது உண்மையானதாக இருக்கட்டும். பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். பிள்ளைகள் வீட்டு மின்சாரத்தைத் தொடக் கூடாது. சூரியனை நேராகப் பார்க்கவோ கண்ணாடி ஒளியை முகத்தில் அடிக்கவோ கூடாது. பழைய போன் பெட்டரிகளைப் பிரிக்கவே கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலப்புப் பாடசாலைகளில் குழு வேலை என்றால் ஆண் பிள்ளைகள் வயரைப் பிடிப்பார்கள், பெண் பிள்ளைகள் தலைப்பு எழுதிப் பூ ஒட்டுவார்கள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை; தானாக நடக்கிறது. ஆசிரியர் தலையிட்டு மாற்றாவிட்டால் மாறாது. கண்காட்சியில் நான் தவறவிட்ட அந்த மாணவி எனக்குக் கற்றுத்தந்த பாடம் இது.

2026 முதல் முதலாம், ஆறாம் தரங்களில் புதிய கல்விச் சீர்திருத்தம் வரும் என்று அரசாங்கம் 2025இல் அறிவித்தது. செயற்பாட்டுக்கு அதிக இடம் என்றார்கள். நல்லது. ஆனால் கலாசாலையில் மின்சுற்றை இணைக்காத ஆசிரியர், எந்தப் புதிய புத்தகத்தைக் கொடுத்தாலும் பழைய பாடத்தைத்தான் நடத்துவார். ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறையில் பவர்பொயின்ட் காட்டுவதை நிறுத்திவிட்டு மோட்டரையும் கம்பியையும் எங்கள் கையில் தாருங்கள். இது கல்வி அதிகாரிகளிடம் நான் வைக்கும் கோரிக்கை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை வாயில் வளைவுக்கும் மேடைத் திரைக்கும் சேர்க்கும் பணத்தில் ஐந்து பல்மானிகளும் பத்துச் சிறு பெனல்களும் வாங்கிக் கொடுங்கள். பூட்டிய அலுமாரிக்குள் அல்ல, மேசைக்கு மேல் வையுங்கள். உடையும். உடையட்டும்.

கற்பிட்டியில் சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் வெளிநாட்டவர்கள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறார்கள். காற்றாலை போட வேறு ஊர்க் கம்பனிகள் வருகின்றன. அந்தக் காற்றுக்கு நடுவே பிறந்து வளரும் பிள்ளைகள் எமது வகுப்பறையில் ஜன்னலை மூடிக்கொண்டு "காற்றுச் சக்தியின் அனுகூலங்கள் மூன்று தருக" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணை அந்த ஜன்னலைத் திறந்து, பி.வி.சி குழாயில் வெட்டிய மூன்று அலகுகளைப் பழைய மோட்டரொன்றில் பூட்டி முற்றத்தில் நிறுத்தப் போகிறோம். சுற்றாவிட்டால் ஏன் சுற்றவில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள்.